வேறு பெயர்கள் இருப்பின் எழுதுக

1

போன வியாழக்கிழமை காலை அலுவலகத்துக்குள் நுழைந்தால், என் டைப்ரைட்டர் மேல் ஒரு புத்தகம் கிடந்தது. வழவழப்பான அட்டை. அட்டையில் புல்வெளி, புல்வெளியில் நான்கு பேர், நான்கு பேருக்கும் கடைவாய்ப் பல் வரை தெரிகிற சிரிப்பு. ஒரு சட்டக் கல்லூரியின் விளக்கப் புத்தகம் அது. சட்டம் படிக்கப் போகிறவர்களுக்கு இப்படிச் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் காலங்காத்தாலேயே எரிச்சல் வந்துவிட்டது.

டொராண்டோவில் ஒரு வங்கிக்கு மேல்மாடியில் இருக்கிற வக்கீல் அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். இந்த ஊருக்கு வந்து பத்து வருடம், இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஏழு வருடம். என் பெயர் பாவாயி. நாமக்கல் பக்கம் தெருவுக்கு நான்கு பாவாயி உண்டு. இங்கே நான் ஒருத்திதான். அதையும் வாய்க்கு வசதியாக வெட்டி 'பாவி' ஆக்கிவிட்டார்கள். 'குட்மார்னிங், பாவி.' 'தேங்க்யூ, பாவி.' 'பாவி, இதை நாலு காப்பி எடு.' அர்த்தம் தெரியாமல், மிகுந்த அன்போடு சொல்வார்கள். முதல் வாரமே திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. உரிய நேரத்தில் வாயைத் திறக்காமல் இருப்பதில் எனக்குப் பழைய அனுபவம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

புத்தகத்தை வைத்தவர் என் முதலாளி வக்கீல். காரணம், அதற்கு முந்தின நாள் நடந்த ஒரு சின்ன விஷயம். இத்தாலியிலிருந்து வந்த ஒரு கொத்தனாரின் பிரமாண வாக்குமூலத்தை நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். 'அந்த வீட்டில் என் பெற்றோர் குடியிருந்தார்கள்' என்று இரண்டாம் பக்கத்தில் வருகிறது. முதல் பக்கத்திலோ, அவருடைய பெற்றோர் அவர் சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்து வீட்டு இத்தாலியக்காரி ஞாயிற்றுக்கிழமை வந்து குவிகிற சொந்தக்காரர்கள் எல்லோரையும் 'பரேந்தி, பரேந்தி' என்றுதான் சொல்லுவாள். அவர்கள் மொழியில் அதற்கு உறவுக்காரர்கள் என்று அர்த்தம். ஆங்கிலக் காதுக்கு அது 'பேரன்ட்ஸ்', பெற்றோர், என்று கேட்டிருக்கிறது. நான் கையில் தாளோடு முதலாளி அறைக்குப் போய், "இந்த மனிதர் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்" என்றேன். கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். சொல்லியிருக்கவில்லை. அந்த ஒரு வார்த்தை அப்படியே போயிருந்தால் அவர் வழக்கு அன்றோடு முடிந்திருக்கும்.

முதலாளி என்னைப் பார்த்து, "பாவி, நீ சட்டம் படிக்க வேண்டியவள்" என்றார். நான் படித்தவள் என்பது அவருக்குத் தெரியாது. சொல்ல வெட்கப்பட்டு ஏழு வருடமாக மறைத்து வைத்திருக்கிறேன்.

2

நான் படித்த சட்டக் கல்லூரியைப் பற்றி இப்போது சொல்லிவிடுகிறேன். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள், பிள்ளையைச் சட்டம் படிக்கவைக்க ஓடிக்கொண்டிருப்பவர்கள், கொஞ்சம் நின்று கேளுங்கள்.

எல்லை தாண்டிக் கர்நாடகத்தில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு சின்ன ஊரில் அது இருந்தது. சேர்க்கைக்கு வேண்டியவை: ஒரு பி.ஏ. சான்றிதழ், மூன்று போட்டோ, 'கட்டட நிதி'. அந்த நிதியில் எந்தக் கட்டடமும் எழும்பி நான் பார்க்கவில்லை. கல்லூரி என்பது ஒரு மண்டிக்கு மேலே இரண்டு அறை. வகுப்பு நடக்காது, வருகைப் பதிவேடு மட்டும் ஒழுங்காக நடக்கும். பரீட்சை சமயத்தில் சேலத்திலிருந்து ஒரு பஸ் நிறைய நாங்கள் போவோம். லாரி முதலாளி, பள்ளிக்கூட வாத்தியார், குமாரபாளையத்துத் தறி முதலாளி, சூரமங்கலம் ரயில்வே ஆபீசில் மருத்துவ விடுப்புப் போட்டுவிட்டு வந்த குமாஸ்தா. எல்லார் மடியிலும் ஒரே கைடு. சாட்சியச் சட்டம் முழுவதையும் தொப்பூர்க் கணவாய்க்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் நான் மனப்பாடம் செய்தேன். மறு விசாரணை என்றால் என்ன என்ற கேள்விக்குப் பத்து மதிப்பெண்ணுக்கு எட்டு வாங்கினேன். எதிர் வக்கீல் கேட்டு முடித்த பிறகு நம் சாட்சியிடம் நாமே திரும்பக் கேட்பது அது. அதை எப்போது எழுந்து கேட்க வேண்டும், எழுந்தால் கை எங்கே வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

பஸ்ஸில் ஒரே பெண் நான். அதனால் ஒவ்வொரு பரீட்சைக்கும் அப்பா கூட வந்தார். நான் உள்ளே எழுத, அவர் வெளியே மண்டி வாசலில் சோற்றுப் பையோடு உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஆண் பிள்ளை இல்லை, நான் ஒரே மகள். பரமத்தி ரோட்டுப் பக்கம் எங்களுக்குக் கிணற்றுப் பாசனத்தில் மூன்று ஏக்கர் தோட்டம். அம்மாவின் நகையை விற்று அப்பா தானாக வாங்கியது. அதன்மேல் அவருடைய அண்ணனுக்கு, என் பெரியப்பாவுக்கு, ஆரம்பத்திலிருந்தே கண். பொட்டப் பிள்ளைக்கு எதற்குத் தோட்டம் என்று ஊர்க் கிணற்றடியிலேயே பேசினவர் அவர்.

"ஊட்டுல ஒரு வக்கீலு இருந்தா பங்காளி பயப்படுவானுங்க" என்று அப்பா எல்லோரிடமும் சொல்லுவார். என்னிடம், "நீ படி சாமி. தோட்டம் உன்றது. அத உங்கிட்டயிருந்து ஒருத்தனும் புடுங்க முடியாதபடிக்கு நீயே பாத்துக்கோணும்" என்பார்.

எங்கள் பக்கத்தில் பிள்ளையையும் சாமி என்போம், பெரியவரையும் சாமி என்போம், கோயிலில் இருப்பதையும் சாமி என்போம். அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அதுவரை நான் கேட்டதே இல்லை. பாவாயி என்பது பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் வைத்துக்கொண்ட பெயர்.

3

விளக்கப் புத்தகத்துக்கு வருகிறேன். இரண்டு ராத்திரிச் சமையலைக் கணவர் தலையில் கட்டிவிட்டு முழுவதையும் படித்துவிட்டேன்.

கட்டணம் அப்படியொன்றும் அநியாயம் இல்லை. அநியாயம் அதைச் சுற்றி இருக்கிறது. மூன்று வருடம் வேலைக்குப் போக முடியாது. புத்தகங்களை எடைக்குப் போட்டால் ஒரு மூட்டை தேறும், விலை தங்கத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அதன் பிறகும் ஒரு வருடம் யாராவது ஒரு வக்கீலிடம் எடுபிடியாக இருக்க வேண்டும். அந்த வக்கீலை நாமே தேடிப் பிடிக்க வேண்டும். நாற்பத்திரண்டு வயதில் நான் புது வக்கீல் ஆவேன். என் கணவர், கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் எஞ்சினியர், திருச்செங்கோட்டுக்காரர், எதையும் சுருக்கமாகச் சொல்கிறவர். "படிக்கறதுன்னா படியுங்க. ஆனா பொழைக்கறதுக்குன்னு சொல்லாதீங்க" என்றார். கோபம் வந்தால்தான் எனக்கு இந்த மரியாதையெல்லாம் கிடைக்கும்.

சேர்க்கைக்கு ஒரு நுழைவுத் தேர்வு. மாதிரிக் கேள்விகள் பின்னால் இருக்கின்றன. ஒரு வட்ட மேசையைச் சுற்றி ஏழு பேர். ஒருவர் இன்னொருவர் பக்கத்தில் உட்கார மாட்டார், மூன்றாமவர் நான்காமவருக்கு எதிரில்தான் உட்காருவார், அப்படியென்றால் ஐந்தாமவர் எங்கே? இதற்கு ஒன்றரை நிமிடம் கொடுக்கிறார்கள். எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தியில் எந்தப் பங்காளி எந்தப் பங்காளி பக்கத்தில் இலை போடக் கூடாது என்று நான் பன்னிரண்டு வயதில் நின்று பார்த்து உட்கார வைத்திருக்கிறேன். இதற்கும் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று புத்தகத்தில் எங்கும் இல்லை.

என் வயதுக்காரர்களுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். அதற்கு 'முதிர்ந்த மாணவர்' என்று பெயர். புளி மாதிரி, பழையதானால் மதிப்புக் கூடுமோ என்னவோ.

பழைய படிப்புக்கு ஏதாவது தள்ளுபடி உண்டா என்று, யாருக்கோ கேட்பதுபோல், போன் போட்டு விசாரித்தேன். அதற்கென்று ஒரு குழு இருக்கிறதாம். ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேரம் வகுப்பு நடந்தது என்று கல்லூரி எழுதித் தர வேண்டுமாம். நான் சிரித்துவிட்டேன். எதிர்முனையில் இருந்த பெண், நான் அழுகிறேன் என்று நினைத்து, "பரவாயில்லை, நிதானமாகச் சொல்லுங்கள்" என்றாள்.

வேலை வாய்ப்புக்கு ஒரு தனிப் பக்கம். வேலை கிடைத்தவர்களின் சதவீதம் கொட்டை எழுத்தில். மிச்சப் பேர் எங்கே போனார்கள் என்று ஒரு வரி கிடையாது. எனக்குத் தெரியும். நாமக்கல் கோர்ட்டு வளாகத்து வேப்ப மரத்தடியில் அந்த மிச்சப் பேரோடு நானும் கறுப்புக் கோட்டில் நின்றிருக்கிறேன். யாராவது கையில் வழக்குக் கட்டோடு உள்ளே வந்தால் பத்துத் தலை ஒன்றாகத் திரும்பும். வந்தவர் தலையைக் குனிந்துகொண்டு டீக்கடைப் பக்கம் போய்விடுவார்.

4

எழுபத்தாறில் பெரியப்பா வழக்குப் போட்டார். அந்தத் தோட்டம் அப்பாவுடையதே இல்லையாம். அது குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட நிலமாம், அப்பா பெயரில் வாங்கியது ஒரு வசதிக்காகவாம், மூத்தவர் என்ற முறையில் கோயில் சொத்தைத் தான்தான் பராமரிக்க வேண்டுமாம். வருடா வருடம் அந்தத் தோட்டத்து முதல் விளைச்சலில் கோயில் பொங்கலுக்கு அப்பா நெல் அளந்தது உண்மை. அந்தப் பக்தியைப் பிடித்துக்கொண்டுதான் வழக்கே வந்தது. பத்திரம் அப்பா பெயரில் இருந்ததால் பயப்பட ஒன்றுமில்லை என்று எங்கள் சீனியர் சொன்னார். நான் அவருக்கு ஜூனியர்.

அதற்கு முன்னால் ஒரே ஒரு தரம் நான் முன்சீப் முன்னால் வாயைத் திறந்திருக்கிறேன். சீனியர் வரும்வரை வாய்தா கேட்க வேண்டும், அவ்வளவுதான். எழுந்தேன், "யுவர் ஆனருங்க" என்றேன். எங்கள் ஊர் நாக்கு அது. யாரைக் கூப்பிட்டாலும் வாலில் ஒரு 'ங்க' தானாக ஒட்டிக்கொள்ளும். கோர்ட்டே சிரித்தது. முன்சீப் காவிரியின் கடைக்கோடி ஜில்லாவிலிருந்து மாற்றலாகி வந்திருந்தார், எங்கள் பேச்சு பழகாதவர், அவரும் சிரித்தார். அன்றைக்கு மதியம் முழுவதும் வராந்தாவில் நான் போகும்போது, "என்னங்க, யுவர் ஆனருங்க" என்று பின்னால் ஒரு குரல் வந்துகொண்டே இருந்தது. இனி இங்கே வாயைத் திறப்பதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

அப்பா சாட்சி சொன்ன நாளில் சீனியர் பக்கத்துக் கோர்ட்டில் மாட்டிக்கொண்டார். "குறுக்கு விசாரணைதான், நீ உக்காந்து குறிப்பெடு, வந்துடறேன்" என்று போய்விட்டார். அப்பா கூண்டில் நின்று, கேட்ட கேள்விக்கெல்லாம் முன்சீப்பைப் பார்த்து, "ஆமாங்க சாமி, இல்லீங்க சாமி" என்று பதில் சொன்னார். முன்சீப் அதை அப்படியே ஆங்கிலமாக்கிச் சொல்ல, டைப்பிஸ்ட் அடித்துக்கொண்டே போனார். கடைசியில் பெரியப்பாவின் வக்கீல் கேட்டார்:

"இப்ப அந்தத் தோட்டத்த யாருக்குன்னு வெச்சிருக்கறீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். ஊர் முழுக்க நின்றிருந்த அந்தக் கூடத்தில், தலையை நிமிர்த்திச் சொன்னார்.

"அதச் சாமிக்குக் குடுத்துட்டனுங்க."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. பொட்டப் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்டவர்கள் அத்தனை பேர் முன்னாலும் அப்பா தோட்டத்தை என்னிடம் கொடுக்கிறார். அந்தச் சந்தோஷத்தில் நான் மிதந்துகொண்டிருந்தேன். முன்சீப் டைப்பிஸ்டைப் பார்த்து, 'ஐ ஹேவ் கிவன் தி லேண்ட் டு காட்' என்று சொன்னது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

பெரியப்பாவின் வக்கீலோ எங்கள் பக்கத்துக்காரர். அவர் வீட்டிலும் பிள்ளைகளைச் சாமி என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். அவருக்கு அட்சர சுத்தமாகத் தெரியும். "வேறு கேள்வி இல்லை" என்று சொல்லிவிட்டுப் பட்டென்று உட்கார்ந்தார். இன்றுவரை அந்த மனிதனை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடித்த வாக்குமூலத்தைச் சாட்சிக்குப் படித்துக்காட்டி, சரியா என்று கேட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். கோர்ட்டுக் குமாஸ்தா ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் படித்தார். 'காட்' என்ற இடத்துக்கு வந்ததும், "தோட்டத்தச் சாமிக்குக் குடுத்துட்டேன்னு சொன்னீங்க, சரிங்களா?" என்றார்.

"ஆமாங்க" என்றார் அப்பா. கையெழுத்துப் போட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறு விசாரணையில் ஒரே ஒரு கேள்வி, 'சாமின்னு யாரைச் சொல்றீங்க?' அவ்வளவுதான். பத்துக்கு எட்டு மதிப்பெண் வாங்கிய கேள்வி. எழுந்தால் வாயில் முதலில் 'யுவர் ஆனருங்க' வந்துவிடும் என்று பயந்தேன். சீனியர் வந்துவிடுவார் என்று வாசலைப் பார்த்தேன். அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தீர்ப்பில், 'பக்திமானான இந்தச் சாட்சியே நிலத்தைத் தெய்வத்துக்கு அர்ப்பணித்ததாக ஒப்புக்கொண்டிருக்கிறார்' என்று எழுதினார் முன்சீப். மேல்முறையீட்டிலும் அந்த ஒரு வரிதான் எங்களைக் கவிழ்த்தது. சீனியர் வராந்தாவில் வைத்து அப்பாவிடம், "உங்க பொண்ணு அன்னைக்கே எந்திரிச்சு ஒரு வார்த்தை கேட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதுங்க" என்றார். தான் அந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்பதைச் சொல்லவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில், அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "பாவாயி, டிக்கெட்டு எடுத்துட்டயா?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து அவருக்கு நான் பாவாயிதான்.

5

என் மகள் கவிதாவுக்கு ஒன்பது வயது. தமிழில் திட்டினால் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். நேற்று அவள் வகுப்பு ஆசிரியை ஒரு சீட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தாள். வீட்டில் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று வகுப்பில் கேட்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளை 'தேன்' என்றதாம், ஒரு பிள்ளை 'பூசணி' என்றதாம். இவள் எழுந்து, "எங்கள் அம்மா என்னைக் கடவுள் என்று கூப்பிடுவாள்" என்றிருக்கிறாள். 'இதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா?' என்று சீட்டில் எழுதியிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கவிதா பயந்துபோய்விட்டாள். "யாருடி உனக்கு அப்படி அர்த்தம் சொன்னது?" என்று கத்தினேன்.

"கோயில்ல நீ அதைத்தானே சாமின்னு காட்டுவ? அப்புறம் என்ன அர்த்தம், சொல்லு" என்றாள், ஆங்கிலத்தில்.

சொல்ல முயன்றேன். ஆங்கிலத்தில் எதுவும் பொருந்தி வரவில்லை. கடைசியில், "நீதான்" என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு டெலிவிஷன் பக்கம் போய்விட்டாள்.

அதன் பிறகு ஊருக்குப் போன் போட்டேன். பக்கத்து அரிசி மில்லில்தான் போன். அப்பாவைக் கூட்டிவரப் பத்து நிமிடம் ஆகும். விளக்கப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். மறுபடியும் வக்கீலுக்குப் படிக்கட்டுமா என்று கேட்டேன்.

இரைச்சலுக்கு மேல் அப்பாவின் குரல் வந்தது.

"அங்கயும் கோர்ட்டுல இங்கிலீசுலதா எழுதுவாங்களா?" என்றார்.

"ஆமாங்கப்பா."

"அப்ப நல்லாப் படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடு, பாவாயி. போன வெச்சரட்டுமா?"

6

இன்று காலை, விளக்கப் புத்தகத்தோடு வந்த விண்ணப்பத்தைக் கிழித்துப் போடலாம் என்றுதான் மேசையில் உட்கார்ந்தேன். செலவு தேறாது, வேலை நிச்சயமில்லை, அந்தச் சிரிப்புக் கூட்டத்தின் நடுவில் முதிர்ந்த மாணவியாக நான் போய் உட்காரவும் வேண்டாம். சட்டக் கல்லூரிகளைப் பற்றி என் அபிப்பிராயம் ஒரு துளியும் மாறவில்லை. நாமக்கல் கோர்ட்டில் என்னை வாயடைத்து உட்காரவைத்தது நான் படித்த கல்லூரி. இங்கே என்ன செய்வார்களோ தெரியாது.

கிழிக்கிறதற்கு முன்னால், அப்பா சொன்னதால், முழுவதையும் படித்தேன். ஏழாவது கேள்வி இது: 'உங்களுக்கு வேறு பெயர்கள் இருப்பின் எழுதுக. ஆவணம் இருந்தால் இணைக்கவும்.'

கல்யாணமாகி விமானம் ஏறியபோது நான் கொண்டுவந்த பெட்டியின் அடியில், அப்பாவின் வாக்குமூலத்தின் கோர்ட்டு நகல் இருக்கிறது. அதை எதற்காகக் கொண்டுவந்தேன் என்று கணவர் ஒரு தடவை கேட்டார், பெட்டியை மூடிவிட்டேன். எடுத்துப் பிரித்தேன். மடிப்பில் கிழிந்திருந்தது. மூன்றாம் பக்கம், கீழே, அப்பாவின் கையெழுத்துக்கு மேல் நான்காவது வரி.

விண்ணப்பத்தின் கட்டத்தில் இரண்டு பெயர் எழுதினேன். பாவி. சாமி. பிறகு, அதோடு இணைப்பதற்காக வாக்குமூலத்தை எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்து ஓரத்தில், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மையால் எழுதினேன்:

'இங்கே கடவுள் என்று இருப்பது பிழை. சாட்சி தன் மகளைக் குறிப்பிடுகிறார். மகள் அப்போது கோர்ட்டில் வக்கீலாக உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்திருக்கவில்லை.'

எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன். நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.